புரை ஏறினால் எழுந்து போகாதீர்கள்

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குச் சிகிச்சை தருவது என் வேலை. பக்கவாதம் வந்து தேறியவர்கள், பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள், வயதானதால் தொண்டைத் தசைகள் தளர்ந்தவர்கள் எனப் பலரும் வருவார்கள். விடுமுறைக் காலம் நெருங்கினால் அவர்களில் பலர் தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்பார்கள்: "எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாமா?" தனியாகச் சாப்பிடும்போது வராத இருமல், குடும்பத்தோடு உட்கார்ந்தால் வந்துவிடுகிறதாம். பெரும்பாலும் அதற்குக் காரணம் சமையல் இல்லை, பேச்சுதான்.

காற்றும் உணவும் தொண்டையில் ஒரே வழியாகத்தான் வந்து, அதற்குக் கீழே இரண்டாகப் பிரிகின்றன. ஒரு கவளத்தை விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்பும், அதன் மூடி கவியும், குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்ளும். அந்த ஒரு நொடிக்கோ அதற்கும் குறைவான நேரத்துக்கோ மூச்சு நின்றுவிடும். பேச வேண்டுமென்றால் அதே நாண்கள் திறந்து காற்று போய்வர வேண்டும். சிரிப்பு இன்னும் மோசம். சிரித்து முடித்ததும் 'ஹப்' என்று ஒரு மூச்சை உள்ளே இழுப்போமே, அப்போது வாயில் இருப்பதும் சேர்ந்து போய்விடலாம். வாயில் சோற்றோடு பேசாதே என்று பிள்ளைகளை அதட்டுவது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காகத்தான். தொண்டைக்கு அது அழகுப் பிரச்சினையே இல்லை.

ஆனால் இந்த விதியில் பாதிதான் சொல்லப்படுகிறது. வாயில் உணவு இருப்பவரைப் பேசவைக்கிறவரை யாரும் அதட்டுவதில்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு என்னிடம் வந்த ஒரு பெரியவர் சாப்பிடுவதை நேரில் பார்க்க வேண்டியிருந்தது. மகள் எதிரே உட்கார்ந்திருந்தார். பெரியவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, நிதானமாக மெல்ல ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மகள், "அப்பா, உப்பு போதுமா?" என்றார். பதில் சொல்லாமல் இருப்பது அவருக்கு மரியாதையாகப் படவில்லை. பாதி மென்றதை அவசரமாக உள்ளே தள்ளிவிட்டு, "போதும்மா" என்றார். அவ்வளவுதான், இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து, அதே உணவை அதே கரண்டியில், யாரும் எதுவும் கேட்காமல் சாப்பிட வைத்தோம். இருமலே இல்லை. அந்த மகளுக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: அப்பா விழுங்கிய பிறகு கேளுங்கள். விழுங்கிவிட்டாரா என்று கண்டுபிடிப்பதும் எளிதுதான். கழுத்தில் தொண்டை மேடு ஏறி இறங்குவது வெளியிலேயே தெரியும்.

பல்செட் போட்டவர்களுக்கு இன்னொரு சங்கடம். மேல் அண்ணம் மூடப்பட்டிருப்பதால், வாயில் இருப்பது எவ்வளவு பெரிய துண்டு என்று சரியாகப் புலப்படாது. நன்றாக மெல்ல அவர்களுக்கு நேரம் வேண்டும். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்து எழுந்து, தட்டுகளை அடுக்க ஆரம்பித்தால், கடைசியாகச் சாப்பிடுகிறவர் என்ன செய்வார்? அள்ளிப் போட்டு விழுங்குவார். அவர் முடிக்கும் வரை யாராவது ஒருவர் கூட உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய உபசாரம் எனக்குத் தெரியவில்லை.

சரி, இனி நல்ல பழக்கம் என்ற பெயரில் உயிரை வாங்கும் ஒன்றைப் பற்றி: புரை ஏறியதும் எழுந்து போய்விடுவது. உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று சரிந்து இறந்துபோவதை மாரடைப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிரேதப் பரிசோதனை செய்து பார்த்தபோது, சிலருக்கு மூச்சுப் பாதையில் உணவுத் துண்டு அடைத்திருந்தது. 1963இல் ஹாகன் என்ற அமெரிக்க மருத்துவர் இதை 'கஃபே கரோனரி' (உணவக மாரடைப்பு) என்ற பெயரில் மருத்துவ இதழில் எழுதினார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்றால், முழுதாக அடைத்துக்கொண்டால் சத்தமே வராது. காற்று போனால்தானே இருமவோ கத்தவோ முடியும்!

இதோடு கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. நாலு பேர் முன்னால் இருமித் துப்ப வேண்டாம் என்று வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குப் போய்விடுகிறார்கள். மற்றவர்களும் நாகரிகமாக, கவனிக்காததுபோல் பேச்சைத் தொடர்கிறார்கள். மூச்சு முழுதாக நின்றால் நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்பட ஆரம்பிக்கும். ஆகவே தொண்டையில் சிக்கினால் எழுந்து போகாதீர்கள். இரண்டு கைகளாலும் கழுத்தைப் பிடித்துக் காட்டுங்கள். யாராவது அப்படி எழுந்து போனால் ஒருவர் பின்னாலேயே போங்கள், கதவைச் சாத்த விடாதீர்கள்.

சத்தமாக இருமுகிறவரை இரும விடுங்கள். அதைவிடச் சிறந்த வைத்தியம் அந்த நேரத்தில் இல்லை. தண்ணீரை நீட்டுவது, இருமிக்கொண்டிருக்கும்போதே முதுகில் தட்டுவது இரண்டும் வேண்டாம். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவவும் கூடாது, துண்டு இன்னும் ஆழமாகப் போய்விடும். பேச முடியவில்லை, இருமலும் வரவில்லை என்றால் ஒருவர் அவசர உதவியை அழைக்கட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று, அவரை முன்னால் குனியவைத்து, நெஞ்சை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். வெளியே வரவில்லையா? பின்னால் நின்று இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, மறு கையால் அதைப் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை வெடுக்கென்று இழுங்கள். வெளியே வரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நினைவு தப்பினால் தரையில் படுக்கவைத்து சிபிஆர் (நெஞ்சை விட்டுவிட்டு அழுத்தும் உயிர்காப்பு முதலுதவி) தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் அழுத்தாமல் நெஞ்செலும்பில் அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது. தலை தாழ்ந்திருக்கும்படி கவிழ்த்து முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்தம். வயிற்றை அழுத்தி எடுத்திருந்தால், அவர் நன்றாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வயிற்றை அழுத்தும் இந்த முறையை 1974இல் வெளியிட்டவர் ஹென்றி ஹெய்ம்லிச். 2016இல், தன் 96ஆவது வயதில், தான் இருந்த முதியோர் இல்லத்தில் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் இருந்த பெண்மணிக்கு அவரே இதைச் செய்து காப்பாற்றினார். வயதாகிவிட்டது, நமக்கெங்கே இதெல்லாம் என்று சொல்கிறவர்களுக்காக இதைச் சொன்னேன்.

குழந்தைகள் விஷயம் தெரிந்ததுதான், ஆனால் விருந்தில் மறந்துபோகும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழு திராட்சை, முழுக் கொட்டைகள், கெட்டி மிட்டாய் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிடக் கூடாது. கடலையை மேலே தூக்கிப் போட்டு வாயில் பிடிக்கும் வித்தைக்காரர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. குழந்தைகள் பார்க்கும்போதாவது அவர் கையைக் கட்டிக்கொள்ளட்டும்.

விழுங்கும் சிரமம் உள்ளவர் விருந்துக்கு வருகிறார் என்றால் என்ன சாப்பிடலாம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கெட்டியாக்கும் பொடியைத் தண்ணீரில் கலந்து குடிக்கிறாரா, மசித்த உணவை மட்டும் சாப்பிடுகிறாரா, அவர் போக்கில் விட்டுவிடுங்கள். "ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது" என்று ஊட்டப் போகாதீர்கள். சிலருக்கு மூச்சுக்குழாயில் உணவு இறங்கினாலும் இருமல்கூட வராது. சில நாள் கழித்து நிமோனியாவாகத்தான் தெரியும். முதுகு நிமிர்ந்து உட்காரும்படியான நாற்காலியில் அவரை உட்காரவையுங்கள், மெத்தென்று உள்வாங்கும் சோபாவில் அல்ல. சாப்பிட்டதும் படுக்கச் சொல்லாதீர்கள். அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கட்டும். கேட்க வேண்டிய கதையெல்லாம் அப்போது கேட்டுக்கொள்ளலாம்.