ஊதா நிறம் வெளுத்தால் போதுமா?

சேலம் கடைவீதியில் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கடுக்காய்ப் பொடியும் காய்ந்த நெல்லியும் கிடைக்கும். ‘ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது’ என்று அச்சிட்ட டப்பாக்களும் இப்போது பக்கத்திலேயே இருக்கின்றன. ஆன்டிஆக்சிடன்ட் என்றால், செல்லைத் தாக்கும் வீரியமான மூலக்கூறுகளை அடக்கும் பொருள். அந்த வரி எந்தச் சோதனையிலிருந்து வருகிறது?

பெரும்பாலும் டிபிபிஎச் என்ற ரசாயனத்தை வைத்துச் செய்யும் சோதனையிலிருந்து. 1958இல் பிளாய்ஸ் என்பவர் விவரித்த முறை இது. டிபிபிஎச் மூலக்கூறில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று இருப்பதால் அதன் கரைசல் அடர் ஊதாவாக இருக்கும். கடுக்காய்த் தோலை இடித்து, ஊறவைத்து, வடிகட்டிய சாற்றைச் சில துளி விட்டால், அதிலுள்ள, துவர்ப்பைத் தரும் டானின்கள் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்த எலக்ட்ரானுக்கு ஜோடி சேர்க்கும். ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறார்கள். செலவு குறைவு, அரை மணி நேர வேலை. ஏராளமான மூலிகைகள் இந்தச் சோதனையைத் தாண்டி வந்ததில் வியப்பில்லை.

ஆனால் நம் உடம்பில் டிபிபிஎச் கிடையாது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும்போது கொஞ்சம் எலக்ட்ரான் கசிந்து, செல்லைத் தாக்கக்கூடிய சூப்பராக்சைடு என்ற ஆக்சிஜன் வடிவம் உண்டாகிறது. அதை அடக்கும் நொதியை 1969இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்தார்கள். அந்த நொதி சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும்; கேட்டலேஸ் போன்ற நொதிகள் அதைத் தண்ணீராக்கிவிடும். இந்த நொதிகளின் வேகத்துக்குக் கஷாயம் ஈடு கொடுக்க முடியாது. கடுக்காயின் பெரிய டானின்கள் குடலைத் தாண்டுவதே அரிது. குடல் பாக்டீரியாக்கள் அவற்றை உடைத்துச் சிறு மூலக்கூறுகளாக்கிய பிறகுதான் கொஞ்சம் ரத்தத்தில் சேர்கிறது.

அப்படியானால் மூலிகையால் பயனே இல்லையா? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது. செல்லில் என்ஆர்எஃப்2 என்று ஒரு புரதம் உண்டு. சாதாரண நேரத்தில் கீப்1 என்கிற இன்னொரு புரதம் அதைப் பிடித்துவைத்து, உண்டான சில நிமிடங்களிலேயே அழிவுக்கு அனுப்பிவிடும். மஞ்சளின் குர்குமின் போன்ற மூலக்கூறுகள் கீப்1இல் உள்ள கந்தகத்தில் போய் ஒட்டும்போது பிடி தளர்கிறது. என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் நுழைந்து, செல்லின் சொந்த ஆன்டிஆக்சிடன்டான குளுட்டாதயோனைத் தயாரிக்கும் மரபணுக்களையும் நச்சு நீக்கும் நொதிகளுக்கான மரபணுக்களையும் முடுக்கிவிடுகிறது. சண்டைக்கு முன்பே ஊரில் தண்டோரா போடுவது மாதிரிதான். செடியின் வேதிப்பொருள் செல்லுக்கு லேசான தொந்தரவு தருகிறது, செல் தன் காவலைத் தானே பலப்படுத்திக்கொள்கிறது. ஆய்வகச் செல்களில் இது தெளிவாகத் தெரிகிறது.

ஆய்வகத் தட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. செல் வளர்க்கும் திரவத்தில் பாலிஃபீனால்கள் (டானின், குர்குமின் போன்ற தாவர வேதிப்பொருள்கள்) தாமாகவே ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். ‘சாறு புற்றுச் செல்களைக் கொன்றது’ என்று படித்தால், கேட்டலேஸ் சேர்த்தும் செல்கள் செத்தனவா என்று கேளுங்கள். கொன்றது அந்தப் பெராக்சைடாகவும் இருக்கலாம்.

மனிதர்களிடம் நடந்த சோதனை இன்னும் கண்டிப்பானது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட்டிலும் கீரையிலும் இருக்கிற அதே ஆன்டிஆக்சிடன்ட்தான்!

அதனால் நெல்லிக்காயைத் தின்னுங்கள், ரசத்தில் மஞ்சளும் சேர்வராயன் மலை மிளகும் போடுங்கள், சரி. செறிவூட்டிய மாத்திரை வேறு விஷயம். மிளகின் பைப்பரின், குர்குமினை ரத்தத்தில் பல மடங்கு கூட்டுகிறது என்று 1998இல் வந்த ஆய்வு காட்டியது. மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளையும் பைப்பரின் தடுக்கும். வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் சாப்பிடுபவர்களுக்கு அந்த மருந்தின் அளவு இதனால் ரத்தத்தில் ஏறக்கூடும். குர்குமினும் பைப்பரினும் சேர்ந்த மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகவும் மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. வேறு மருந்து சாப்பிடுபவர்கள் இந்த டப்பாவையும் மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.