வாக்கியத்தின் கடைசிச் சொல் ஏன் கேட்பதில்லை?

"இந்த மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடக் கூடாது" என்று மருந்துக் கடையில் சொல்கிறார்கள். 'போட' வரைக்கும் தெளிவாகக் கேட்கிறது. 'கூடாது' தொண்டைக்குள்ளேயே அமுங்கிவிடுகிறது.

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. நடந்ததா, நடக்கவில்லையா, செய்யலாமா, கூடாதா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. பேசுபவரின் மூச்சு தீர்வதும், கண் காகிதத்துக்குத் தாழ்வதும் அதே இடத்தில்தான். வகுப்பறையோ, நேர்காணலோ, அலுவலகக் கூட்டமோ, பேச்சுப் பயிற்சியில் முதலில் திருத்த வேண்டியது இந்தக் கடைசிச் சொல்லைத்தான்.

குரல்நாண்கள் சீராக அதிர, கீழிருந்து காற்று சீரான அழுத்தத்தில் வர வேண்டும். நுரையீரலில் காற்று குறையக் குறைய, அந்த அழுத்தத்தைக் காக்க வயிற்று, விலாத் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அங்கே கைவிட்டுவிடுகிறார்கள். குரல் தணிந்து கரகரக்கிறது. இன்னும் சிலர் தொண்டையை இறுக்கிச் சொல்லைப் பிதுக்குகிறார்கள். நாளெல்லாம் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு மாலையில் தொண்டை கட்டிக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

"நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு பேசு" என்ற அறிவுரை பாதிதான் சரி. நெஞ்சு முட்ட இழுத்தால் தோள் மேலேறும், கழுத்து இறுகும், முதல் சில சொற்களிலேயே காற்று பீறிட்டு வெளியேறிவிடும். சிறு மூச்சாக அடிக்கடி எடுப்பதே மேல். ஒரு மூச்சுக்கு 7, 8 சொற்கள் போதும். 'போய், பார்த்து, விசாரித்து, எழுதி' என்று எச்சங்கள் நீளும் வாக்கியத்தில், ஏதாவது ஓர் எச்சத்துக்குப் பின் தாராளமாக நிற்கலாம். கேட்பவர் வினைமுற்றுக்காகக் காத்திருப்பார், எழுந்து போய்விட மாட்டார்.

இதற்கு நல்ல பயிற்சி, வாக்கியத்தைப் பின்னாலிருந்து கட்டுவது. 'கூடாது' என்று மட்டும் முழுக் குரலில் சொல்லுங்கள். அடுத்து 'போடக் கூடாது'. பிறகு 'முன்னாடி போடக் கூடாது'. ஒவ்வொரு முறை ஒரு சொல் கூடும்போதும் 'கூடாது' முதலில் ஒலித்த அதே அளவில் ஒலிக்க வேண்டும். எந்தச் சுற்றில் அது தேய்கிறதோ, அதற்கு முன்னால் ஒரு மூச்சு எடுக்க வேண்டும் என்று பொருள். தினமும் 5 வாக்கியங்கள் போதும். கடைசிச் சொல்லை அடித்துச் சொல்ல வேண்டாம், அது அதட்டலாகிவிடும்.

சோதிக்க, செல்பேசிப் பதிவை மட்டும் நம்பாதீர்கள். பல செல்பேசிகள் தணிந்த ஒலியைத் தாமாகவே உயர்த்திப் பதிவுசெய்யும், குறை தெரியாது. 3 மீட்டர் தள்ளி ஒருவரை உட்கார வைத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

இனி உடல். குறிப்பைப் பார்த்துப் பேசுபவர்கள், அடுத்த வரியைத் தேடி, வினைமுற்று வருவதற்குள் தலையைக் குனிந்துவிடுகிறார்கள். மோவாய் நெஞ்சை நோக்கி இறங்கும்; வாய் மைக்கை விட்டு விலகும்; ஒலி காகிதத்தில் விழும். கடைசிச் சொல் முடியும்வரை ஒருவர் முகத்தைப் பாருங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு குனிந்து, படித்து, நிமிர்ந்து, அடுத்த வாக்கியத்தைத் தொடங்குங்கள். அந்த 2 நொடி மௌனம் பேசுபவருக்குத்தான் நீளமாகத் தெரியும். குறிப்பைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்; ஒரு வாக்கியம் பக்கம் தாண்டக் கூடாது.

கையில் பிடிக்கும் மைக் என்றால் வாயிலிருந்து 5 முதல் 10 செ.மீ., சற்றே பக்கவாட்டில். நேர் எதிரே வைத்தால் 'ப'கரம் வரும்போதெல்லாம் காற்று மோதி வெடிக்கும். வலைத் தலையைப் பொத்திப் பிடித்தால் ஊளைச் சத்தம் வர வாய்ப்பு அதிகம்.

கையைக் கட்டினால் மனத்தை மூடிக்கொண்டார் என்று மேலைநாட்டுப் புத்தகங்களில் இருக்கும். நம் ஊரில் பெரியவர் முன் கைகட்டி நிற்பது பணிவு. ஆகவே, நேர்காணலுக்கு வந்த பையன் கைகட்டினால் அவசரப்பட்டு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். பேசுபவருக்கு அதில் வேறொரு தொல்லை உண்டு: இறுக்கிக் கட்டிய கை விலா விரிவதைத் தடுக்கும். இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே கையைத் தளர்வாக விடுவது மூச்சுக்கு நல்லது.

பயிற்சி வகுப்புகளில் 7-38-55 என்றொரு கணக்கும் உலவுகிறது: பேச்சில் சொல்லுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. சொல்லும் தொனியும் முகமும் முரண்படும்போது, ஒருவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்பதை எதிலிருந்து உணர்கிறோம் என்பதே அங்கே கேள்வி. மாத்திரையை எப்போது போடுவது என்பதை முகத்தால் 55 விழுக்காடு சொல்லிவிட முடியாது.

தொண்டையைக் கனைத்துக் கனைத்துப் பேசும் பழக்கம் இருந்தால், கனைப்பு வரும்போது ஒரு வாய்த் தண்ணீர் விழுங்குங்கள். குரல் கட்டியிருக்கும்போது கிசுகிசுப்பதும் ஓய்வாகாது, பேசாமல் இருப்பதே ஓய்வு. குரல் கம்மல் 3 வாரத்துக்கு மேல் நீடித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள்.