அப்பீல் போட்டதும் றிட் நிற்காது

"அப்பீல் போட்டாச்சு, இனி அவங்களால ஒண்டும் செய்ய ஏலாது." மாவட்ட நீதிமன்றத்தில் காணி வழக்கோ கடை வழக்கோ தோற்றவர்கள் இப்படி நம்பி வீட்டில் இருந்துவிடுகிறார்கள். பிறகு ஒரு காலையில், நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் பிஸ்கால் உத்தியோகத்தர் றிட்டோடு, அதாவது தீர்ப்பை நிறைவேற்றும் கட்டளையோடு, படலையில் வந்து நிற்கும்போதுதான் சட்டத்தரணியைத் தேடி ஓடுகிறார்கள். அப்பீல் என்ற மேன்முறையீடு தீர்ப்பின் சரி பிழையை மேலே கொண்டுபோகும், அவ்வளவுதான். தீர்ப்பை நிறைவேற்றுவதை இடைநிறுத்துவதற்குத் தனியாகக் கேட்க வேண்டும், நட்டத்தைக் காட்ட வேண்டும், பிணையும் கொடுக்க வேண்டும்.

முதலில் நாள் கணக்கு. இங்கே பிழைத்தால் மிச்சம் எதுவும் உதவாது. இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி மேன்முறையீட்டு அறிவித்தலைத் தீர்ப்பிலிருந்து 14 நாளுக்குள் தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே கொடுக்க வேண்டும். தீர்ப்பு நாள், அறிவித்தல் கொடுக்கும் நாள், ஞாயிற்றுக்கிழமைகள், பொது விடுமுறைகள் இந்த 14இல் சேராது. சனிக்கிழமை சேரும். மேன்முறையீட்டு மனுவுக்கு 60 நாள். அதில் ஞாயிறும் போயா விடுமுறையும் கழியாது. மே 5ஆம் திகதி தீர்ப்பென்றால் யூலை 4ஆம் திகதியோடு காலம் முடிந்துவிடும். அறிவித்தலைக் கொடுத்த திகதியிலிருந்து 60ஐ எண்ணத் தொடங்குவதுதான் நாங்கள் அதிகம் காணும் பிழை. இரண்டு காலமும் தீர்ப்பு நாளிலிருந்தே ஓடுகின்றன. தீர்ப்பின் பிரதி கைக்கு வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது.

மேன்முறையீட்டுக்கான காலம் முடியும்வரை றிட் கேட்டு விண்ணப்பிக்கவே முடியாது என்கிறது அதே கோவையின் 761ஆம் பிரிவு. தோற்றவருக்குக் கிடைக்கும் மூச்சுவிடும் இடைவெளி இதுதான். காலம் முடிந்ததும், மேன்முறையீடு நிலுவையில் இருந்தாலும்கூட, வென்றவர் றிட் கேட்கலாம். ஆனால் 763ஆம் பிரிவின்படி தோற்றவரை அந்த விண்ணப்பத்தில் எதிர்மனுதாரராகச் சேர்த்தாக வேண்டும். அவருக்குத் தெரியாமல் எடுத்த றிட் செல்லாது என்று நமது நீதிமன்றங்கள் தீர்த்திருக்கின்றன. ஆகவே வென்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவசரப்பட்டு அறிவித்தலைத் தவிர்த்தால் திரும்பவும் தொடக்கத்திலிருந்து வர வேண்டியிருக்கும்.

நீங்கள் தோற்றவராக இருந்து றிட் விண்ணப்பத்தின் அறிவித்தல் கிடைத்தால், குறித்த தவணைக்கு முன்பே ஆட்சேபனையையும் சத்தியக் கடதாசியையும் (சத்தியம் செய்து ஒப்பமிடும் வாக்குமூலம்) ஆயத்தப்படுத்துங்கள். நீதிமன்றம் இரண்டு விடயங்களைப் பார்க்கும். றிட் நிறைவேறினால் கணிசமான நட்டம் ஏற்படுமா? இறுதியில் வரும் கட்டளையை நிறைவேற்றப் பிணை உண்டா? மேன்முறையீட்டில் எழுப்பும் சட்டக் கேள்வி பாரதூரமானதென்றால் அதற்கும் எடை உண்டு.

சத்தியக் கடதாசியில் "எனக்கு ஈடுசெய்ய முடியாத நட்டம் ஏற்படும்" என்ற ஒற்றை வரி எதையும் நிரூபிக்காது. திருகோணமலை மத்திய வீதியில் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். எத்தனை வருடமாக அங்கே வியாபாரம் நடக்கிறது என்பதற்கு வியாபாரப் பதிவுச் சான்றிதழ், வருமானத்துக்கு வங்கிக் கூற்று, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதற்குச் சம்பளப் பதிவு, கைவசமுள்ள சரக்கின் பட்டியல் எல்லாம் இணைக்கப்பட வேண்டும். குடியிருக்கும் வீடென்றால் வேறு வீடு இல்லை என்பதற்குக் கிராம உத்தியோகத்தரின் சான்று, பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம், நோயாளி இருந்தால் கிளினிக் கொப்பி. கட்டடத்தை இடிக்கும் கட்டளையாக இருந்தால் படம் எடுத்து இணையுங்கள். இடித்ததை மேன்முறையீட்டில் வென்றாலும் நிமிர்த்த முடியாது. வெறும் பணத் தீர்ப்பில் இந்த வாதம் பலவீனமானது. கட்டிய பணம் திரும்பி வரக்கூடியது. அங்கே வென்றவரிடமிருந்து, பிற்பாடு திருப்பித் தருவதற்குப் பிணை கேட்பது பயன் தரும்.

பிணை விடயத்தில்தான் திருகோணமலையில் பலர் தடுமாறுகிறார்கள். அசையாச் சொத்தைப் பிணையாக வைப்பதென்றால் காணி உறுதி, நில அளவை வரைபடம், காணிப் பதிவகத்தின் ஏட்டுப் பிரதி, மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். கையில் இருப்பது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் அதை நினைத்தபடி ஈடுவைக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இடம் கொடாது. இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்களும் இங்கே நிறைய. அவர்கள் தீர்ப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே பதிவகத்தில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். சொத்தில்லாதவர்கள் காசு வைப்பு அல்லது வங்கி உத்தரவாதம் தருவதாகச் சொல்லலாம். வெளியேற்றும் வழக்குகளில் மாதாந்த நட்டஈட்டைத் தவறாமல் வைப்பிலிடும்படி நீதிமன்றம் நிபந்தனை விதிக்கக்கூடும். ஒரு மாதம் தவறினாலும் மற்றப் பக்கம் அதையே பிடித்துக்கொள்ளும். பற்றுச்சீட்டை ஒவ்வொரு மாதமும் நகர்த்தல் பத்திரத்தோடு (மோஷன்) வழக்கேட்டில் சேர்த்துவிடுங்கள்.

மாகாண குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்திலும் தோற்றால், கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்குப் போக அனுமதி வேண்டும். முன்னைய இடைநிறுத்தல் கட்டளை அதுவரை தானாக நீளும் என்று எண்ணாதீர்கள். "இந்த மேன்முறையீடு முடியும்வரை" என்று எழுதியிருந்தால் அன்றோடு முடிந்தது. புதிதாக இடைக்காலக் கட்டளை கேட்க வேண்டும்.

பிஸ்கால் வந்துவிட்டால் படலையைப் பூட்டி மறிக்க வேண்டாம், அது சிறைவரை கொண்டுபோகும். றிட்டை வாங்கி வழக்கிலக்கம், காணி விபரம், நான்கு எல்லைகள் மூன்றையும் படித்துப் பாருங்கள், தொலைபேசியில் படமெடுத்துச் சட்டத்தரணிக்கு அனுப்புங்கள். எல்லை பொருந்தாவிட்டால் அதை உத்தியோகத்தரிடம் அமைதியாகச் சொல்லி, அறிக்கையில் எழுதும்படி கேளுங்கள். வழக்கில் தரப்பினராக இல்லாமல், தோற்றவரின் கீழும் இல்லாமல், தன் சொந்த உரிமையில் இருந்த ஒருவர் வெளியேற்றப்பட்டால் 328ஆம் பிரிவின் கீழ் அதே நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்கு, வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து 15 நாள்தான் உண்டு.