தடுப்பூசி அட்டை இல்லையென்றால் பிள்ளையைத் திருப்பிக் கூட்டி வராதீர்கள்

பள்ளி திறக்கும் ஜூன் மாதம் வந்தால் பாலக்காடு மாவட்ட எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் நம் தமிழ் ஆட்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். பிரசவம் அம்மா வீட்டில், பொள்ளாச்சியில். முதல் ஊசிகள் அங்கே, மிச்ச ஊசி இங்கே கேரளத்தில். பள்ளியில் தடுப்பூசி அட்டையை 'முழுசா கொண்டு வாங்க' என்பார்கள், இங்குள்ள சுகாதார நிலையத்தில் 'போட்ட இடத்துலயே கேளுங்க' என்பார்கள், கூலியை விட்டுவிட்டு எல்லை தாண்டி அலைவது அந்த அம்மாதான்.

அட்டையைப் பள்ளி கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியில் படிக்க உரிமை உண்டு, வயதுச் சான்று இல்லை என்பதற்காகக்கூடச் சேர்க்க மறுக்கக் கூடாது. அதைச் சொல்லி, முதலில் சேருங்கள், அட்டையைப் பிறகு தருகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். முடியாது என்றால் அதையே எழுத்தில் கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) அலுவலகத்தில் மனு கொடுங்கள். மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதக் கேரளத்தின் மொழிச் சட்டம் இடம் தருகிறது.

அட்டை கையில் இருந்தும் திருப்பி அனுப்புவார்கள். பெயர் வைப்பதற்கு முன் போட்ட அட்டையில் 'பேபி ஆஃப்' என்று அம்மா பெயர்தான் இருக்கும். பிறப்புச் சான்றிதழையும் சேர்த்துக் காட்டுங்கள், அம்மா பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் போதும் என்று நின்று பேசுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தால் எம்.எம்.ஆர். என்று இருக்கும், கேட்பவர் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா ஊசி) இல்லையே என்பார், எம்.எம்.ஆரிலேயே எம்.ஆர். அடக்கம், கூடப் பொன்னுக்கு வீங்கி ஊசியும் இருக்கிறது. இதற்காக மறுபடி ஊசி போடச் சம்மதிக்காதீர்கள், மருத்துவ அதிகாரியிடம் போய் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

உண்மையிலேயே விட்டுப்போவது பெரும்பாலும் 5 வயதில் போடும் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி) பூஸ்டர் ஊசி. 7 வயது தாண்டினால் அதைப் போட மாட்டார்கள், அதனால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் முன்பே புதன்கிழமை சுகாதார நிலையத்துக்குப் போய்ப் போட்டுவிடுங்கள். காசு கிடையாது, கேட்டால் கொடுக்காதீர்கள்.

அட்டை தொலைந்துவிட்டதா? பிரசவத்துக்குப் பதிந்தபோது கொடுத்த ஆர்.சி.எச். எண்ணை (தாய்-சேய் பதிவு எண்) தேடுங்கள், அது இருந்தால் அந்த ஊர் நர்ஸம்மா பதிவேட்டில் பார்த்துச் சொல்லிவிடுவார். சமீபத்திய பிள்ளைகளுக்கு யூ-வின் என்ற அரசுத் தடுப்பூசி இணையதளத்தில் சான்றிதழ் இருக்கலாம், ஆனால் அன்று கொடுத்த போன் நம்பருக்குத்தான் ஓடிபி வரும், அந்த சிம்மைத் தூக்கிப் போட்டிருந்தால் அங்கேயும் சிக்கல்.

அசல் அட்டையைப் பள்ளியில் விட்டு வராதீர்கள், ஜெராக்ஸ் போதும். 10, 16 வயதில் போடும் டிடி (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசியைப் பள்ளியிலேயே போட்டுவிட்டு, பெரும்பாலும் வீட்டில் இருக்கும் அட்டையில் எழுதாமல் போய்விடுகிறார்கள். முகாம் அன்று அட்டையைப் பிள்ளை பையில் வைத்து அனுப்பி, சாயங்காலம் தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.