யார் செய்தது என்று சொல்லாத வரிகள்

சென்னையில் சுற்றுச்சூழல் அறிக்கைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் திருத்துவது என் வேலை. டிசம்பர் வந்தால் "இயற்கையின் சீற்றம்" தவறாமல் மேசைக்கு வந்துவிடும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இயற்கை சீறியது என்று எழுதிவிட்டால், அப்புறம் கேள்வி கேட்க ஆள் இல்லை. 2015 சென்னை வெள்ளம் பற்றி 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறந்துவிட்ட விதத்தைச் சுட்டி, அதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது. நாம் இன்னும் மழையைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

அண்மையில் தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பற்றி ஒரு வரைவு வந்தது. ஒரே பத்தியில், ஓரத்துக் குடிசைகள் "ஆக்கிரமிப்பு". சதுப்பில் மண் கொட்டி எழுந்த அலுவலகங்கள் "நகர வளர்ச்சி". இரண்டும் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கின்றன. எழுதியவருக்கு யார் மேலும் பகை இல்லை, கைக்கு வந்த சொல்லைப் போட்டிருக்கிறார். "ரெண்டுக்கும் ஒரே சொல் போடுங்க, இல்லைன்னா நடந்ததை மட்டும் சொல்லுங்க" என்றேன். "சதுப்பில் மண் கொட்டி அலுவலகங்கள் கட்டப்பட்டன" என்று மாற்றி அனுப்பினார். சரி, கொட்டியது யார், அனுமதி கொடுத்தது யார்? இந்த "பட்டன" இருக்கிறதே, ஆளை ஒளித்துவைப்பதில் கெட்டிக்காரத் துணைவினை. அந்த இரண்டு பெயரையும் தேட அவருக்கு ஒரு வாரம் ஆனது. கட்டுரையின் உயிரே அதில்தான் இருந்தது.

பெயருக்கு விளைவும் உண்டு. ஊரார் கழுவெளி என்று அழைத்த பள்ளிக்கரணைச் சதுப்பை வெகுகாலம் உதவாத நிலமாகவே பார்த்தார்கள். உதவாது என்ற இடத்தில் குப்பை கொட்ட யாருக்கும் கை கூசாது. பெருங்குடிக் குப்பைமேடு அங்கேதான் வளர்ந்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அதற்கு இடம் கிடைக்க 2022 ஆனது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. "கசிவு" என்றால் குழாய் சொட்டுவதுபோல்தான் மனதில் படும். படகும் வலையும் கருப்பாகி மீனவர் கடலுக்குப் போக முடியவில்லை என்று எழுதினால் அடைமொழியே வேண்டாம்.

கூச்சலும் உதவாது. "செத்துப்போன கூவம்" என்று மூன்று தடவை படித்தவர் அந்த ஆற்றுக்காக ஏன் மெனக்கெடப் போகிறார்? இங்கே கூவம் என்பதே வசவாகிவிட்டது. எந்தப் பாலத்தடியில் எந்தக் குழாயிலிருந்து கழிவுநீர் விழுகிறது என்று எழுதச் சொல்கிறேன். நேரில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் முணுமுணுக்கிறார்கள்.