சீவுளியும் இழைப்புளியும்

மரத்தைச் சீவி மட்டமாக்கும் கருவியைத் திருகோணமலையில் தச்சு வேலை செய்பவரிடம் 'பிளேன்' என்றாலும் விளங்கும், சீவுளி என்றாலும் விளங்கும். சீவு + உளி = சீவுளி. கதவு + அழகு 'கதவழகு' ஆவதுபோல, முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும் என்ற நன்னூல் விதிப்படி சேர்ந்த சொல் இது. பாளை சீவுவதும் பென்சில் சீவுவதும் இதே சீவுதான். உளி என்பது மலையாளத்திலும் கன்னடத்திலும் உளியே.

தமிழ்நாட்டில் இதை இழைப்புளி என்பார்கள். இழைத்தல் என்றால், சந்தனம் இழைப்பதுபோலத் தேய்த்து வழுவழுப்பாக்குதல். அகராதிகள் இரண்டையும் ஒன்றாகவே கொள்கின்றன. ஆனாலும் பட்டறையில் பிரித்து வழங்குவது நல்லது. மேடு பள்ளத்தை எடுக்கும் 14 அங்குல ஜாக் பிளேனைச் சீவுளி என்றும், கடைசி மெருகுக்கான 9¾ அங்குல ஸ்மூதிங் பிளேனை இழைப்புளி என்றும் சொன்னால் வேலையும் பெயரும் பொருந்தும். ஸ்டான்லி நிறுவனத்தின் வரிசையில் இவை 5ஆம், 4ஆம் இலக்கங்கள்.

பாகங்களுக்கும் தமிழ் இருக்கிறது: வெட்டும் இரும்பு அலகு, அது வெளியே நீட்டும் பிளவு வாய், மரத்தில் உராயும் தட்டைப் பக்கம் அடி, மரச் சீவுளியில் அலகை இறுக்குவது ஆப்பு. அலகின் மேல் பூட்டும் இரும்பு மேல்தகடு. அலகு சாய்ந்து நிற்கும் 'ஃபிராக்' என்ற பாகத்தைத் தவளை என்று பெயர்க்க வேண்டாம். அலகுத்தாங்கி என்றால் அதன் வேலையே பெயராகிவிடும்.

பெயர் சொல்வதுபோல இது உடலுக்குள் சாய்த்துப் பூட்டிய உளிதான். ஆகவே பழையதை வாங்கும்போது மினுக்கத்தைப் பார்க்காமல் அலகைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் கிடந்த அலகின் தட்டைப் பக்கத்தில் கறள் (துரு) குழி விட்டிருக்கும். குழி வெட்டுவாய்வரை வந்திருந்தால் எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்தில் விளிம்பு பல்லாகவே நிற்கும். குழியைத் தாண்டும்வரை அரைத்துத் தள்ள வேண்டும். வார்ப்பிரும்பு உடலில் வாயின் மூலைகளில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். வெடிப்பு இருந்தால் அந்தக் கோட்டில் எண்ணெய் மறுபடி கசியும். அதை வாங்க வேண்டாம். பழைய ஸ்டான்லியின் கைப்பிடி ஆணி தொலைந்திருந்தாலும் யோசியுங்கள். அதன் புரி கடைகளில் கிடைக்கும் மில்லிமீற்றர் ஆணிகளுக்குப் பொருந்தாது.

கறளுக்கு வினாகிரியில் ஊறவிடலாம். நாள் கணக்கில் விட்டால் இரும்பையே அரித்துக் கறுப்பாக்கும். எடுத்ததும் அப்பச்சோடா நீரில் கழுவி, உடனே காயவைத்து, தையல் மெசின் எண்ணெய் பூசுங்கள். ஈரத்தோடு வைத்தால் அன்றைக்கே புதுக் கறள் ஏறும்.

அடியைத் தட்டையாக்கத் தடித்த கண்ணாடியில் 80ஆம் இலக்க அரத்தாளை ஒட்டித் தேயுங்கள். அப்போது அலகு பூட்டியபடியே, உள்ளே இழுத்து வைத்திருக்க வேண்டும். பூட்டின் இறுக்கத்தில் உடல் சற்று வளையும் என்பதால், கழற்றிவிட்டுத் தேய்த்தால் பூட்டியதும் மறுபடி கோணும். முன்முனை, வாயைச் சுற்றிய இடம், பின்முனை மூன்றும் ஒரே மட்டத்துக்கு வந்தால் போதும்.

அலகை 25 பாகையில் அரைத்து, நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டுங்கள். சாணைச் சில்லில் இரும்பு நீலமானால் பதம் போய்விட்டது. அந்தப் பகுதியை அரைத்து நீக்குவதைத் தவிர வழியில்லை. தட்டைப் பக்கம் முழுவதையும் கண்ணாடிபோல் ஆக்க வேண்டியதில்லை, விளிம்பை ஒட்டி ஓர் அங்குலம் போதும்.

மேல்தகட்டை அலகில் பூட்டி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இடையில் கீற்று ஒளி தெரிந்தாலும் சீவல் அதற்குள் புகுந்து வாயை அடைக்கும். தகட்டின் நுனியைக் கல்லில் தேய்த்துப் பொருத்த வேண்டும். இந்தப் பக்கத்து முதிரை மரத்தில் நார் ஒரு திசையில் ஓடாது, பட்டைக்குப் பட்டை மாறிப் பின்னும். எந்தப் பக்கமிருந்து சீவினாலும் எங்கோ பிய்யும். பழைய முதிரைக் கதவை இழைக்கும்போது மேல்தகட்டை விளிம்புக்கு அரை மில்லிமீற்றருக்குள் கொண்டுவந்து, அலகை மிகக் குறைவாக நீட்டுங்கள். சீவல் எழுந்தவுடனே முறிந்துவிடுவதால் நார் ஆழமாகக் கிழியாது. தேக்குக்கு ஒரு மில்லிமீற்றர்வரை தள்ளி வைக்கலாம்.