குணம் மாறும்போது மூளையையும் பார்க்க வேண்டும்

"இவர் முன்பு இப்படி இருந்ததே இல்லை, டாக்டர்" என்று மனைவியோ மகளோ சொல்லும் சொல்லுக்கு, ஸ்கேன் முடிவுக்குத் தரும் அதே மதிப்பை நான் தருகிறேன். ஐம்பதைக் கடந்த, பொறுப்பாகக் குடும்பம் நடத்திய ஒருவர் துக்க வீட்டில் உரக்கச் சிரிக்கிறார், முன்பின் தெரியாதவரிடம் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார், இனிப்பைக் கண்டால் நிறுத்தாமல் சாப்பிடுகிறார், மனைவி காய்ச்சலில் கிடந்தாலும் ஏனென்று கேட்பதில்லை. சுற்றியிருப்பவர்கள் அதைத் திமிர் என்கிறார்கள்.

ஃப்ரான்டோடெம்போரல் டிமென்ஷியா என்ற மூளைச் சிதைவு நோயின் நடத்தை சார்ந்த வகை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஆர்னால்ட் பிக் என்ற மருத்துவர் இந்நோய்க் குடும்பத்தைப் பிராக் நகரில் 1892-லேயே விவரிக்கத் தொடங்கியும், இன்றுவரை பலர் மனச்சோர்வுக்கோ குடும்பச் சண்டைக்கோ ஆலோசனை பெற்றே ஆண்டுகளைக் கடத்துகிறார்கள். பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தலைகாட்டும் இந்நோயில், மூளையின் முன்மடலும், காதோரம் உள்ள பொட்டுமடலின் முன்பகுதியும் மெல்லச் சுருங்குகின்றன. ஆனால் தொடக்கத்தில் நினைவாற்றல் அவ்வளவாகக் கெடுவதில்லை என்பதால், தேதியைச் சரியாகச் சொல்லி, வழி தவறாமல் வீடு திரும்பும் மனிதரை நோயாளி என்று யாரும் எண்ணுவதில்லை.

பிறர் முகம் வாடுவதைக் கண்டு நம் மனம் இளகுவதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. எதிரில் இருப்பவரின் முகக்குறி முக்கியமானது என்று அமிக்டலா என்ற மூளைப்பகுதி உணர்த்த வேண்டும். அப்போது நம் உடலில் எழும் மாற்றத்தை இன்சுலா என்ற இன்னொரு பகுதி உணர்வாக்க வேண்டும். கண்குழிக்கு மேலுள்ள முன்மடல் பகுதி, இங்கே இதைச் சொல்லலாகாது என்று நாவை அடக்க வேண்டும். இவை ஒரே வலையமைப்பாக இயங்குபவை. ஓர் உணர்ச்சிக்கு ஓர் இடம் என்று வண்ணமிட்டுக் காட்டும் படங்களை நம்ப வேண்டாம்.

முகப்படங்களைக் காட்டிச் சோதித்தபோது, சிரித்த முகத்தைச் சரியாகச் சொன்ன ஒருவர், அழுத முகத்தையும் சினந்த முகத்தையும் பார்த்து "சும்மா இருக்கிறார்" என்றார். அருகில் மனைவி கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "கிளம்பலாமா?" என்று கேட்டார். அந்த அம்மையாருக்கு நான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது, இது அவர்மீது கணவருக்கு உள்ள வெறுப்பு அன்று என்பதைத்தான்.

குணமாற்றம் எல்லாமே இந்நோய் அன்று. மனச்சோர்வு, மது, தைராய்டு கோளாறு, மூளைக்கட்டி ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். தொடக்க நிலையில் எம்.ஆர்.ஐ. இயல்பாகவே தெரியலாம். நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. அல்சைமருக்குத் தரும் டொனெபெசில் இதற்குப் பயன்படுவதில்லை, சிலருக்குப் படபடப்பைக் கூட்டவும் செய்யும். தனக்கு ஒன்றுமில்லை என்று நோயாளி சாதிப்பதும் நோயின் கூறே ஆகையால், அவரோடு வாதாடாமல், மாற்றம் எப்போது, எதில் தொடங்கியது என்று எழுதிக்கொண்டு, உடன் வாழ்பவரே நரம்பியல் மருத்துவரிடம் வர வேண்டும். பணப் பொறுப்பையும் வாகனச் சாவியையும் அதுவரை வேறொருவர் வைத்திருப்பது நல்லது.